மாரிக்கும் கச்சானுக்கும் ஒரே சப்பாத்து: தண்ணீர் புகாத கோல்ப் சப்பாத்தைப் பார்த்து வாங்குவது எப்படி

மட்டக்களப்பில் கோல்ப் மைதானம் கிடையாது. இதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ எங்க மச்சான் விளையாடுற, வாவிக்குள்ளயா?" என்ற கேள்விதான் வரும். நான் டுபாயில் ஒரு கோல்ப் கிளப்பில் எட்டு வருடம் இருந்தவன். முதல் மூன்று வருடம் புல் வெட்டுகிற வேலை, அப்புறம் அங்கேயே விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. இப்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாதத்துக்கு ஒரு தடவை விடியப்புறத்தில் வானில் வெளிக்கிட்டு, வாகரை, மூதூர், கிண்ணியா என்று போய், திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்துகிற ஈகிள்ஸ் கோல்ப் மைதானத்தில் 18 குழியும் விளையாடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியால் மலை ஏறி, நுவரெலியாவுக்கும் போவதுண்டு. 1889இல் தொடங்கிய கிளப் அது, புல் எப்போதும் ஈரம்.

புதிதாக எங்களோடு சேருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தச் சப்பாத்து வாங்குவது? வெளிநாட்டிலிருக்கிற மச்சானோ அக்காவோ வாங்கித் தரத் தயாராக இருப்பார், ஆனால் என்ன சொல்லி வாங்கச் சொல்வது என்று தெரியாது. "தண்ணி போகாததாப் பாத்து அனுப்புங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கேதான் பிழை.

பெட்டியில் "வருடம் முழுக்கப் போடலாம்" என்று எழுதியிருக்கும். அது ஸ்கொட்லாந்துக்காரனுடைய வருடம். தூறல், குளிர், புல்லில் பனி, அவ்வளவுதான். எங்கள் வருடம் வேறு. ஐப்பசியில் பின்னேரம் இடியோடு மழை தொடங்கும், கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு அடைமழை, வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று நாலு மாதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் கோடை, அதற்குள்ளே கச்சான் காற்று வேறு, தரை கல்லுப்போலக் காய்ந்து கிடக்கும். இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், ஆனி ஆடியில் நாங்கள் கச்சானில் காயும்போது நுவரெலியாவில் தென்மேற்குப் பருவமழை தூறிக்கொண்டிருக்கும். இங்கே வறட்சி என்று நினைத்து மெல்லிய சப்பாத்தோடு மலை ஏறினால் முதல் குழியிலேயே சொக்ஸ் நனைந்துவிடும்.

சப்பாத்துக்குள்ளே தண்ணீர் வரும் வழிகள்

பாலைவனத்தில் இருந்துதான் நான் ஈரச் சப்பாத்தைப் பற்றிப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே இரவு முழுக்கப் புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், காலை ஆறு மணிக்கு விளையாட வருகிறவனுடைய சப்பாத்து மூன்றாவது குழிக்குள்ளேயே ஊறிவிடும். வானத்தில் ஒரு துளி இல்லை, கால் முழுக்கத் தண்ணீர். இதுதான் முதல் வழி: புல்லிலிருந்து, பக்கவாட்டில். பனியும் இதேதான். கோல்ப் விதியில் மைதானத்தில் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரில் பந்து கிடந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து வேறிடத்தில் போடலாம், ஆனால் புல்லில் கிடக்கிற பனித்துளியை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். விதிக்கு அது தண்ணீர் இல்லை, சப்பாத்துக்கு அது தண்ணீர்தான்.

இந்த முதல் வழியைத் தண்ணீர் புகாத சப்பாத்து நன்றாகவே அடைக்கும். நல்ல சப்பாத்துகளில் மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், சொக்ஸ் மாதிரி முழுப் பாதத்தையும் சுற்றி. கோர்டெக்ஸ் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இந்த வகைதான். அதில் இருக்கிற துளைகள் மிகவும் நுண்ணியவை, தண்ணீர்த் துளி நுழையாது, ஆனால் வியர்வை ஆவியாகி வெளியே போகும். விளம்பரமும் அப்படித்தான் சொல்லும், பொய்யும் இல்லை.

ஆனால் ஆவி வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரலிப்புக் குறைவாக இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அது சரி. மார்கழியில் எங்கள் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது அந்த ஆவி எங்கே போகும்? உள்ளேயே நின்று, திரும்பவும் தண்ணீராகி, சொக்ஸில் இறங்கும். இது இரண்டாவது வழி, உள்ளேயிருந்து வருகிற தண்ணீர். கோடையில் காற்று காய்ந்திருந்தாலும், சவ்வு வைத்த சப்பாத்தில் காற்றோட்டம் இல்லாததால் கால் அவிந்துபோகும். 18 குழி நடந்தால் எட்டு, பத்துக் கிலோமீற்றர், நாலைந்து மணித்தியாலம். அவ்வளவு நேரம் அவிந்த காலை அப்புறம் வீட்டில் கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது வழிதான் ஆட்களை ஏமாற்றுவது. மேலிருந்து. அடைமழையில் தண்ணீர் காலால் வழிந்து, சொக்ஸால் ஊறி, கணுக்காலுக்குப் பக்கத்தால் நேரே உள்ளே இறங்கும். சப்பாத்து எவ்வளவு விலையானதாக இருந்தாலும் வாய் திறந்துதானே இருக்கிறது. அதோடு, சவ்வு உள்ளே வருவதை மறிக்கிற மாதிரியே வெளியே போவதையும் மறிக்கும், ஆகவே இறங்கிய தண்ணீர் குடத்தில் நிற்கிற மாதிரி நிற்கும். அரைக்காற்சட்டையோடு போகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். தண்ணீர் புகாத நீளக் காற்சட்டையைச் சப்பாத்துக்கு வெளியே விழவிட்டால் தப்பலாம், ஆனால் எங்கள் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு யார் பத்துக் கிலோமீற்றர் நடப்பது? அடைமழை நாளில் நான் வலைத்துணிச் சப்பாத்துத்தான் போடுவேன். தண்ணீர் வரும், வந்த வழியாலேயே போகும். ஒன்பதாவது குழியில் சொக்ஸ் மாற்றிக்கொள்வேன். இடி கேட்டால் சப்பாத்தைப் பற்றி யோசிக்காமல் இரும்புக் கோலை வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுங்கள், அது வேறு கதை.

அப்படியானால் எதை வாங்குவது

இரண்டு சோடி வாங்க வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒன்று சவ்வு வைத்தது, பனிக்கும் தூறலுக்கும் நுவரெலியாவுக்கும். மற்றது மெல்லிய வலைத்துணியோ பின்னல் துணியோ மேலே வைத்தது, கோடைக்கும், கொட்டுகிற மழைக்கும். இரண்டையும் மாறி மாறிப் போட்டால் ஒவ்வொன்றும் காய நேரம் கிடைக்கும், ஆயுளும் கூடும்.

ஒரு சோடிதான் என்றால், மாதத்துக்கு ஒரு தடவை காலையில் விளையாடி, மழை பலத்தால் நிறுத்திவிடுகிறவருக்கு, சவ்வு வைத்த சப்பாத்துகளிலேயே பாரம் குறைந்த ஒன்றைச் சொல்வேன். ஒரு சப்பாத்து 350 இலிருந்து 400 கிராமுக்குள் இருந்தால் நல்லது. கனமான முழுத்தோல் சப்பாத்து பார்வைக்கு அழகு, தோலும் நாளாக நாளாகக் காலுக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் ஒரு தடவை ஊறினால் எங்கள் மாரியில் காய மூன்று நாள், அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். செயற்கைத் தோல் வைத்தது சீக்கிரம் காயும், ஈரத்துணியால் துடைத்தால் சேறும் போய்விடும். தோல் வெறியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கையில் எடுத்ததும் முதலில் நாக்கைப் பாருங்கள், அதாவது நாடாவுக்குக் கீழே இருக்கிற துண்டு. அது இரண்டு பக்கமும் மடிப்பு வைத்து மேல்வரை தைத்து இணைத்திருந்தால் நல்லது. பாதியில் பிரிந்திருந்தால் தண்ணீர் அந்த உயரத்தாலேயே உள்ளே வரும், மீதிச் சவ்வெல்லாம் சும்மா. இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டு "தண்ணி போகுது" என்று திருப்பிக் கொண்டுவந்த எத்தனையோ பேரைக் கடையில் கண்டிருக்கிறேன்.

பெட்டியில் எழுதியிருக்கிற வார்த்தையையும் கவனமாக வாசியுங்கள். "நீர் எதிர்ப்பு" (water resistant) என்றால் பெரும்பாலும் மேலே ஒரு பூச்சு மட்டும், கொஞ்ச நேரத்துக்குத் துளி உருண்டோடும், பூச்சுத் தேய்ந்தால் முடிந்தது. "நீர் புகாதது" (waterproof) என்றால்தான் பெரும்பாலும் சவ்வு இருக்கும். இரண்டாவதுக்குச் சில நிறுவனங்கள் ஒரு வருடமோ இரண்டு வருடமோ உத்தரவாதம் கொடுப்பார்கள், ஆனால் லண்டனில் வாங்கிய சப்பாத்தை மட்டக்களப்பிலிருந்து எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசியுங்கள். ஆகவே வந்ததும் வீட்டிலேயே சோதித்துவிடுவது நல்லது, கொண்டுவந்தவர் திரும்பிப் போவதற்கு முன்னால். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணியுங்கள், முன்பகுதியை முப்பது நாற்பது தடவை நடக்கும்போது மடிகிற மாதிரி மடித்து விரியுங்கள், அப்புறம் ஒரு பேசினில் நாக்குக்குக் கீழே நிற்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். மடிக்காமல் சோதிக்க வேண்டாம், ஒழுகுகிற சப்பாத்துப் பெரும்பாலும் விரல் மடிகிற இடத்தில்தான் ஒழுகும். தாள் காய்ந்திருந்தால் சரி.

கால் அளவு, முக்கியமாக எங்கள் கால்

தண்ணீரைவிட இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பாட்டாவும் வெறுங்காலுமாக வளர்ந்த கால்கள் எங்களுடையவை, விரல்ப் பக்கம் விரிந்திருக்கும். வெளிநாட்டுச் சப்பாத்துகள் பலதும் முன்னால் ஒடுங்கியவை. நீளம் சரியாக இருக்கும், சின்ன விரல் கத்தும். உடனே எல்லோரும் செய்வது ஒரு அளவு பெரிதாக வாங்குவது. அப்போது குதிக்கால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும், அதைவிட மோசம், அடிக்கும்போது கால் உள்ளேயே வழுக்கும். கோல்ப் அடியில் உடம்பு முழுக்கத் திரும்பி, வலதுகைக்காரனுக்கு இடதுகாலின் வெளிப்பக்கத்தில் போய் நிற்கும். அந்த நேரம் சப்பாத்துக்குள் கால் அசைந்தால் பந்து எங்கே போகுமென்று பந்துக்கும் தெரியாது. அளவைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். புட்ஜோய் மாதிரிச் சில நிறுவனங்கள் ஒரே நீளத்தில் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்று தனித்தனியாகச் செய்கின்றன. அனுப்புகிறவரிடம் அகலமானதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அளவெடுப்பது இப்படி. பின்னேரத்தில் எடுங்கள், காலையில் வேண்டாம், நாள் முழுக்க நின்றால் கால் கொஞ்சம் வீங்கும், ஆறாவது குழிக்குப் போகும்போது இருக்கப்போகிற கால் அதுதான். பழைய கலண்டர்த் தாளைச் சீமெந்துத் தரையில் விரித்து, விளையாடும்போது போடுகிற சொக்ஸோடு ஏறி நின்று, பாரத்தை இரண்டு காலிலும் வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் பாரம் மாறி அளவு பிழைக்கும். இரண்டு காலையும் வரையுங்கள், பலருக்கு ஒன்று கொஞ்சம் பெரிது, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் கடையில் நிற்கிறவருக்கு வேலை சுலபம்.

"எனக்கு எட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் சொல்கிற எட்டு இங்கிலாந்து எட்டு. ரொரன்ரோவில் இருக்கிறவர் அமெரிக்க எட்டை வாங்குவார், அது சின்னது. இங்கிலாந்து 8 நைக்கியில் அமெரிக்க 9, அடிடாஸில் 8½. இந்தக் குழப்பம் வேண்டாமென்றால் நாக்கின் உட்புறச் சீட்டில் ஜேபி (JP, ஜப்பான் அளவு) அல்லது செ.மீ. என்று ஒரு எண் பெரும்பாலும் இருக்கும், அதை உங்கள் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

போட்டுப் பார்க்க முடிந்தால் நின்று பாருங்கள், கதிரையில் இருந்து அல்ல. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம். குதிக்காலைத் தூக்கினால் சப்பாத்தும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஒரு கோலோ விளக்குமாறோ எடுத்து, அடிக்கிற மாதிரித் திரும்பிப் பாருங்கள். கடையில் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. நான் பத்து நிமிடம் நடந்து, சரிவு இருந்தால் இறங்கியும் பார்ப்பேன், இறங்கும்போதுதான் விரல் முன்னால் முட்டுகிறதா என்று தெரியும். போகப் போக இளகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், செயற்கைத் தோல் இளகாது, சவ்வு இளகவே இளகாது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாமலே நாலு மணித்தியாலம் நடந்துவிடுவீர்கள். அகலமான சப்பாத்து, தையல் தடிப்பில்லாத சொக்ஸ், வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பார்ப்பது, இதில் ஒன்றையும் விடாதீர்கள்.

அடி

சப்பாத்தின் அடியில் இரண்டு வகை. புல்லில் வழுக்காமல் பிடிக்கிற இறப்பர் முளைகள் சப்பாத்தோடு சேர்த்தே வார்த்தது ஒன்று, கழற்றி மாற்றுகிற பிளாஸ்டிக் முளை மற்றது. பழைய இரும்பு முளையைப் பெரும்பாலான கிளப்புகள் இப்போது விடுவதில்லை, புல்லைக் கிழிக்கும். வார்த்த முளை வானிலிருந்து இறங்கி அப்படியே நடக்க வசதி, காய்ந்த தரைக்குப் போதும், கல்லடிக் கடற்கரையில் பின்னேர நடைக்கும் அதையே போடுகிறேன். ஈரச்சரிவில் கழற்றுகிற முளைதான் பிடிக்கும். நுவரெலியாவுக்கு அடிக்கடி போகிறவர் அதை வாங்கட்டும். ஆனால் முளைகளைத் திருகுகிற பொருத்தில் பல வகை உண்டு, எல்லாச் சப்பாத்துக்கும் ஒன்றல்ல, இங்கே பக்கத்துக் கடையில் கிடைக்காது, ஆகவே சப்பாத்து வாங்கும்போதே அதற்குரிய முளை ஒரு செட்டும், திருகுகிற சாவியும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். முளையில் உள்ள அடையாளம் அழிந்து மொட்டையாகிவிட்டால் மாற்ற நேரம் வந்துவிட்டது.

நாடாவுக்குப் பதில் திருகி இறுக்குகிற வட்டக் குமிழ் வைத்ததும் வருகிறது. வசதிதான், மழையில் முடிச்சு அவிழாது. ஆனால் கடற்கரை மணல் அதற்குள் போனால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும். எனக்கு நாடா போதும்.

சொக்ஸைப் பற்றிச் சுருக்கமாக: பள்ளிக்கூடப் பருத்திச் சொக்ஸ் வேண்டாம், ஈரத்தைக் குடித்துவிட்டு வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் கலந்தது, அல்லது மெல்லிய மெரினோ கம்பளி. கம்பளி என்றதும் சூடு என்று நினைக்காதீர்கள், மெல்லியது ஈரமானாலும் காலில் ஒட்டாது. எப்போதும் ஒரு சோடி பையில். வயலில் நிற்கிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண் கோல்ப் விளையாடுகிறவனுக்கும் வரும், விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

என்னுடைய முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு நல்ல சோடி கொண்டுவந்து தந்தார். பழசு தேயட்டும் என்று பெட்டியோடு அலுமாரியில் வைத்தேன். நாலு வருடம். கடைசியில் ஒரு நாள் ஆசையோடு போட்டுக்கொண்டு சீனக்குடாவுக்குப் போனால், ஐந்தாவது குழியில் அடி நொறுங்கத் தொடங்கியது, பழைய பிஸ்கட் மாதிரி. ஏழாவது குழியில் இடது அடி கழன்று புல்லில் கிடந்தது. கூட வந்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காரணம் எளிது: அடியில் வைத்திருக்கிற பொலியூரித்தேன் என்கிற நுரை ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உடைந்துபோகும், போட்டாலும் போடாவிட்டாலும். எங்கள் கடலோரக் காற்றில் அது இன்னும் வேகம். மூடிய பெட்டிக்குள் வைப்பது நல்லது என்று நினைப்போம், உண்மையில் ஈரத்தைப் பூட்டி வைக்கிறோம்.

ஆகவே வந்த சப்பாத்தைப் போடுங்கள். மலிவு விற்பனையில் பழைய இருப்பை வாங்குகிறவர்கள் அடிப்பக்க நுரையை நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும், பொடியாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ வேண்டாம். பல சப்பாத்துகளில் உட்சீட்டில் செய்த மாதமும் வருடமும் இருக்கும், அதையும் கேளுங்கள். ஈவிஏ (EVA) என்கிற மற்ற வகை நுரை என்றால் இந்த நொறுங்குகிற தொல்லை இல்லை, நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

நனைந்தால் உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றி எடுத்து, நாடாவைத் தளர்த்தி, பத்திரிகைத் தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் தாளை மாற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்படியிலும் வேண்டாம், பசை இளகும், தோல் வெடிக்கும். கடல் மணலில் நடந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு முளையின் திருகுகளைப் பிடித்துவிடும். வாசிங் மெசினுக்குள் போடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை.

மேலே தெளித்த தண்ணீர் உருளாமல் துணியில் ஊறத் தொடங்கினால் சவ்வு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், மேல்பூச்சுத்தான் தேய்ந்திருக்கிறது. அதற்கென்று தெளிக்கிற மருந்து இருக்கிறது, மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் ஒரு தடவை தெளித்தால் அந்தப் பருவத்துக்குப் போதும்.

அடி கழன்றால் ஒட்டலாம். ஆனால் தைக்கக் கொடுக்கும்போது அந்த அண்ணனிடம் முதலே சொல்லிவிடுங்கள், பசை மட்டும், மேல்தோலில் ஊசி வேண்டாம் என்று. அவர் நல்லதுக்குத்தான் சுற்றிவரத் தைத்துத் தருவார், ஆனால் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் சவ்வு ஓட்டை.